வழக்குக்கும் நீதிபதிக்கும் நடுவே

2023 ஜனவரியில் கல்கத்தா உயர்நீதிமன்றத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. நாட்டின் மிகப் பழைய நிலுவை வழக்கு என்று பெயர் வாங்கியிருந்த பெர்ஹாம்பூர் வங்கி வழக்கு ஒருவழியாகக் கணக்கிலிருந்து நீங்கியது. வங்கியைக் கலைக்கச் சொல்லி உத்தரவானது 1948 நவம்பரில். அதை எதிர்த்து மனுப் போட்டது 1951 ஜனவரியில். வழக்கு முடிந்த செய்தி வந்தபோது தலைமை நீதிபதியாக இருந்தவர் பிறந்ததே மனுவுக்குப் பத்து வருடம் கழித்துத்தான். பத்திரிகைகளுக்கு இந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

செய்தியின் சுவையான பகுதி உள்ளே இருந்தது. 2022 செப்டம்பரில் இரண்டு முறை வழக்கைக் கூப்பிட்டும் ஒருவரும் ஆஜராகவில்லை. என்ன சங்கதி என்று லிக்விடேட்டர் அலுவலகத்திடம் நீதிபதி அறிக்கை கேட்டார். வழக்கு 2006 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது, பதிவேட்டில் மட்டும் அது ஏறவில்லை என்று பதில் வந்தது. பதினாறு வருடம் ஒரு செத்த வழக்கு உயிருள்ள வழக்குகளின் பட்டியலில் இருந்திருக்கிறது.

வழக்கு இழுப்பதற்கு நீதிபதிகள் போதாததுதான் காரணம் என்பது எல்லோரும் சொல்லும் பதில். பொய்யில்லை. இந்த உயர்நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 72. 2018 பிப்ரவரியில் அதில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. ஆனால் பெர்ஹாம்பூர் வங்கி விஷயத்தில் நீதிபதி தன் வேலையை முடித்திருந்தார். தீர்ப்புக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் யாரோ தன் வேலையைச் செய்யவில்லை. கல்கத்தாவின் கோர்ட் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த நடு ஆட்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கட்சிக்காரருக்கும் நீதிபதிக்கும் இடையே எத்தனை கைகள் இருக்கின்றன, அவை எப்படி வந்து சேர்ந்தன, எதை வெட்டலாம், எதை வெட்டினால் இல்லாதவனுக்குத்தான் அடி விழும் என்று பார்ப்போம்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1774-இல் எலைஜா இம்பி தலைமையில் சுப்ரீம் கோர்ட் வந்தது. மறு வருடமே மகாராஜா நந்தகுமாரைப் பொய்க் கையெழுத்து வழக்கில் தூக்குக்கு அனுப்பித் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1862 ஜூலை 1-இல் அதன் இடத்தில் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டது. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஆறு வாரம் மூத்தது. வால்டர் கிரான்வில் வடிவமைத்து 1872-இல் முடிந்த செங்கல் கட்டடம் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துத் துணி மண்டபத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது.

அந்தக் கட்டடத்துக்குள் குடியேறிய ஏற்பாடுதான் நமக்கு முக்கியம். வழக்கு ஹைகோர்ட்டிலேயே தொடங்கும் அசல் வழக்குப் பிரிவில் அன்று கட்சிக்காரர் நேராக பாரிஸ்டரிடம் போக முடியாது. முதலில் அட்டர்னி. அவர் காகிதங்களை வாங்கி, நோட்டீஸ் விட்டு, கோர்ட் ஃபீஸ் கட்டி, வழக்குச் சுருக்கம் தயாரித்து ஒரு ஜூனியர் பாரிஸ்டரிடம் கொடுப்பார். ஜூனியர் பிராது எழுதுவார். விசாரணையன்று பேச ஒரு சீனியர். பாரிஸ்டருக்கும் கட்சிக்காரருக்கும் ஒப்பந்தமே கிடையாது. கூலி வாங்குவது கௌரவக் குறைவு என்பதால் அது வெகுமானம் என்று சொல்லப்பட்டு, தங்க மொஹரில் கணக்கிடப்பட்டது. மொஹர் நாணயம் புழக்கத்திலிருந்து போய் எத்தனையோ தலைமுறை கழித்தும் வக்கீல் பில்லில் 'ஜி.எம்.' என்ற இரண்டெழுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மெட்ராஸிலும் அட்டர்னிகள் இருந்தார்கள். ஆனால் அங்கே உள்ளூர் வக்கீல்கள் அசல் பிரிவில் வாதாட வெகு சீக்கிரம் இடம் பிடித்துவிட்டார்கள். மயிலாப்பூர் வக்கீல்களின் செல்வாக்கு அப்படித்தான் வளர்ந்தது. கல்கத்தாவில் பாரிஸ்டர்கள் கதவைத் தாழிட்டு வைத்திருந்தார்கள். லண்டன் போய் விருந்துண்டு பட்டம் வாங்கி வரப் பணம் இருந்தவனுக்கே அசல் பிரிவு. மற்றவர்களுக்கு மேல்முறையீட்டுப் பிரிவும் மாவட்ட கோர்ட்டுகளும். இந்த இரண்டு ஹைகோர்ட்டுகளுக்கும் இடையே போக்குவரத்து இன்றும் உண்டு: 2023 மே முதல் 2025 செப்டம்பர் வரை கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்த டி.எஸ். சிவஞானம் மெட்ராஸிலிருந்து போனவர்தான்.

அட்டர்னி முறை 1977 தொடக்கத்தோடு சட்டப்படி ஒழிந்தது. நாட்டில் இனி ஒரே வகை வக்கீல்தான் என்றார்கள். ஓல்டு போஸ்ட் ஆபீஸ் ஸ்ட்ரீட்டில் டெம்பிள் சேம்பர்ஸ் படியேறிப் போனால் அந்தச் சட்டத்துக்கு எவ்வளவு மரியாதை என்று தெரியும். ஒரே கோர்ட்டில் வக்கீல்களுக்கு மூன்று சங்கங்கள்: பாரிஸ்டர் வழி வந்தவர்களுக்கு பார் லைப்ரரி கிளப், மேல்முறையீட்டுப் பிரிவு மரபில் வந்தவர்களுக்கு பார் அசோசியேஷன், பழைய அட்டர்னிகளின் வாரிசுகளுக்கு இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி. வக்காலத்துப் போடுபவர் ஒருவர், வாதாடுபவர் வேறொருவர் என்ற பழக்கமும் போகவில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. பெரிய வணிக வழக்கில் காகிதம் பார்க்கும் கை ஒன்றும் பேசும் வாய் ஒன்றும் இருப்பது நல்லதுதான். சின்ன வழக்குக்காரனும் அதே இரண்டு பேருக்கும் அழ வேண்டியிருப்பதுதான் சங்கடம்.

அட்டர்னிக்கும் கீழே ஒரு கை உண்டு. நாம் வக்கீல் குமாஸ்தா என்போம், வங்காளத்தில் முஹுரி. பாரிஸ்டரின் குமாஸ்தா என்றால் 'பாபு'. இவர்களுக்கென்று மேற்கு வங்கத்தில் 1997-இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. கல்கத்தா கோர்ட்டின் மிகப் பிரபலமான நூலை எழுதியவர் நீதிபதியோ பாரிஸ்டரோ கிடையாது, ஒரு பாபு. அப்பா இறந்த பின் பிழைப்புத் தேடி நோயல் பார்வெல் என்ற ஆங்கிலேய பாரிஸ்டரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்த மணிசங்கர் முகர்ஜி, சங்கர் என்ற பெயரில் எழுதிய 'கதோ அஜானாரே' 1955-இல் புத்தகமானது. கட்சிக்காரர் முதலில் அழுவது குமாஸ்தாவிடம்தான். பாரிஸ்டர் அறைக்குள் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டுவிடுவார். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல நாற்காலி கிடைக்காது.

பாங்க்ஷால் கோர்ட் வாசலிலோ அலிப்பூரிலோ ஒரு காலை வேளை நின்றால் முஹுரியின் தொழில் கண்ணுக்குப் புலப்படும். மூத்த முஹுரிக்கு எந்த மேஜையில் எந்தக் கட்டு இருக்கிறது என்பது தெரியும். தட்டச்சுக்காரர் தார்ப்பாய்க்கு அடியில் அஃபிடவிட் அடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்ப். எதிரே ஜெராக்ஸ் கடை. கிராமத்திலிருந்து லோக்கல் ரயிலில் வந்தவருக்கு வக்கீல் கிடைப்பது பன்னிரண்டு மணிக்கு மேல். அதுவரை அவருடைய பயத்தைக் கேட்பதும், வாய்தா தேதியை அவருடைய பையில் துண்டுச் சீட்டாக எழுதிப் போடுவதும் முஹுரி. அதற்குக் காசு வாங்குகிறார், சில சமயம் அதிகமாகவும் வாங்குகிறார். மனுக்களைக் கணினி வழியே தாக்கல் செய்ய வைத்தால் இந்தக் கை தானாக உதிர்ந்துவிடும் என்று சீர்திருத்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். இப்போது முஹுரி ஸ்கேன் செய்து கொடுப்பதற்கும் சேர்த்து வாங்குகிறார். வழக்கு மொழி ஆங்கிலமாகவும் படிவம் வளவளவென்றும் இருக்கிறவரை இப்படித்தான் நடக்கும். அகற்றக் கூடாத கை எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பெண்கள் விஷயத்தில் இந்த நடுக் கை இன்னொரு விதமாக வந்தது. 1916-இல் சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா பிளீடராகப் பதிவு செய்யக் கேட்டார். சட்டத்தில் 'நபர்' என்றால் அதில் பெண் அடங்கமாட்டாள் என்று ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து தள்ளுபடி செய்தார்கள். அதே ஊரில் அதற்கு முன்பே, 1904 முதல், கொர்னீலியா சொராப்ஜி அரசு சம்பளத்தில் கோஷாப் பெண்களின் சொத்து விவகாரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆண் வக்கீல் முகத்தில் விழிக்க முடியாத ஜமீன் விதவைகளுக்கும் அவர்கள் சொத்தை நிர்வகித்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்கும் நடுவே அவர். ஆலோசனை சொல்ல அவர் வேண்டும், ஆனால் கோர்ட்டில் நிற்க உரிமை கிடையாது. அந்த முரண்பாடு தீர 1923-இன் சட்டம் வர வேண்டியிருந்தது.

ஜமீன் விதவை, பாகப்பிரிவினை, உயில். கல்கத்தா வக்கீல்களின் பொற்காலம் இவற்றின் மேல்தான் கட்டப்பட்டது. அந்தப் பணம் எல்லாமே வீணாகவில்லை. தாரக்நாத் பாலித் என்ற பாரிஸ்டரும் ராஷ்பிஹாரி கோஷ் என்ற வக்கீலும் லட்சக்கணக்கில் அள்ளிக் கொடுத்ததில்தான் 1914-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி எழுந்தது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் கணக்குத் துறை உத்தியோகத்தை விட்டுவிட்டு 1917-இல் வந்து அமர்ந்தது பாலித் பேராசிரியர் நாற்காலியில். எந்தெந்தக் குடும்பத்துச் சொத்துச் சண்டை ராமனுக்குச் சம்பளமாயிற்று என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

உயில் வழக்குகளுக்கெல்லாம் தலை, தாகூர் வழக்கு. பிரசன்ன குமார் தாகூர் பெரிய வக்கீல். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இன்றும் பெயர் சொல்லும் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளுக்கு நிதி வைத்தவர். அவருடைய ஒரே மகன் ஞானேந்திர மோகன் கிறிஸ்தவரானார். பின்பு லண்டன் போய் 1862-இல் இந்தியாவின் முதல் பாரிஸ்டராகவும் ஆனார். தந்தை அந்த மகனுக்கு ஒன்றும் சேராதபடி, இன்னும் பிறக்காத தலைமுறைகள் வரை வரிசை போட்டு, ஆங்கிலேயப் பாணியில் ஓர் உயில் எழுதினார். 1868-இல் அவர் கண்ணை மூடியதும் வழக்கு. 1872-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: இந்துச் சட்டப்படி பிறக்காத ஆளுக்குத் தானம் செல்லாது. உயிலில் முதலில் எழுதப்பட்ட சகோதரர் மகன் ஜதீந்திர மோகன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், அதற்கப்பால் மகனின் வாரிசுரிமை நிற்கும். சட்டத்துக்கு நாற்காலி வைத்த மனிதரின் சொந்த உயில் சட்டத்தில் நிற்கவில்லை.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் புரொபேட் கட்டாயம். 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு சென்னைக்காரர்களுக்கும் பழக்கமானது. இந்துவின் உயிலை வைத்து உரிமை கோர வேண்டுமானால் கோர்ட்டில் மெய்ப்பித்துச் சான்று வாங்கியாக வேண்டியிருந்தது. சென்னையிலும் மும்பையிலும் நகர எல்லைக்குள் மட்டும். வங்காளத்திலோ பழைய லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப் பகுதி முழுவதும். மதுரையில் ஒருவர் உயில் எழுதிவிட்டுப் போனால் பிள்ளைகள் நேராகப் பட்டா மாற்றப் போகலாம். பாலிகஞ்சில் போனால் மனு, சாட்சி அஃபிடவிட், உறவினர்களுக்கெல்லாம் அறிவிப்பு என்று இருந்தது. நடுவில் ஒரு சித்தப்பா கேவியட் போட்டு ஆட்சேபித்தால் அது முழு வழக்காக மாறி, உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உயிரோடிருக்கும்போதே விசாரணை வருமா என்ற கவலையில் வந்து நிற்கும். ஆட்சேபிப்பவருக்குச் செலவு சொற்பம், ஆதாயம் நிச்சயம். இழுத்தால் சமரசத்துக்கு ஏதாவது கிடைக்கும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்த 213-ஆம் பிரிவையே நீக்கியது. நூறு வருடத்தில் கல்கத்தா குடும்பங்களுக்கு நடந்த நல்ல சட்ட மாற்றங்களில் இதை மேல் வரிசையில் வைப்பேன். உயில் மேல் உள்ளபடியே சந்தேகம் இருப்பவர் கோர்ட்டுக்குப் போக இப்போதும் வழி இருக்கிறது. சந்தேகமே இல்லாத வீட்டாரும் வரிசையில் நிற்க வேண்டியிருந்ததுதான் அநியாயம்.

சொத்து இல்லாதவரின் கல்கத்தா வழக்கு வாடகை வழக்கு. 1956-இன் வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் சாய்ந்தது. வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம், அதையும் திருப்பினால் ரென்ட் கண்ட்ரோலரிடம் மாதாமாதம் கட்டி ரசீது வாங்கலாம். லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சடங்கு தெரியும். 'வாங்க மறுக்கப்பட்டது' என்று தபால்காரர் எழுதிய மணியார்டர் துண்டு முதலில், அதன் பின் சலான்கள், மாத வரிசைப்படி, ஒன்றுகூடத் தவறாமல். ஒரு மாதம் தவறினால் பாதுகாப்பே ஆட்டம் காணும் என்பதால் பிள்ளை கல்யாணத்திலும் அந்தத் தேதியை மறக்கமாட்டார்கள். வீட்டுக்காரரோ நூறு இருநூறு ரூபாய் வாடகைக்குக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய மாட்டார். 2001 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1997-இன் சட்டம், நகரத்தில் மாதம் 6,500 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்பு வாடகையை வெளியே விட்டது. பழைய வீடுகளில் பழைய சண்டை அப்படியே நீடிக்கிறது.

பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதியில் நடு ஆள் சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நிலம் ஒருவருடையது, அதைக் குத்தகைக்கு எடுத்துக் குடிசை போட்டவர் டிகா குத்தகைதாரர், குடிசையில் வாழ்பவர் அவருக்கு வாடகை தருபவர். 1949-இல் வந்த சட்டம் டிகாக்காரரைக் காப்பாற்றியது. 1981-இன் சட்டம் நிலத்தை அரசுடைமையாக்கி ஜமீந்தாரை வெளியேற்றியது. நடுவில் இருப்பவர் நகரவில்லை. அரசின் குத்தகைதாரராக உயர்ந்தார். 2001-இல் மறுபடி ஒரு சட்டம், 2019-இல் அதற்குத் திருத்தம். இத்தனைக்குப் பிறகும் தன் இடத்தில் தான் யார் என்று நிரூபிக்க வேண்டியவர் அந்த மூன்றாவது ஆள்தான்.

ரிசீவர் பதவி இன்னொரு கல்கத்தா சிறப்பு. சொத்துச் சண்டை நடக்கும்போது அந்தச் சொத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கோர்ட் ஒரு வக்கீலை நியமிக்கும், வாடகை வசூலிப்பதும் சரக்கை விற்பதும் அவர் பொறுப்பு, அதற்கு ஊதியம். எங்கும் உள்ள ஏற்பாடுதான், ஆனால் இங்கே எத்தனையோ வக்கீல்களின் ஆரம்ப காலத்து அடுப்பு இதில்தான் எரிந்திருக்கிறது. இதன் ஆபத்து என்ன என்று நாடே பார்த்ததும் இங்கேதான். 1984-இல் இரண்டு பொதுத்துறை நிறுவனங்களின் வழக்கில் ரிசீவரான சௌமித்ர சென், விற்றுக் கிடைத்த 33 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்குக் கணக்குக் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இடையில் 2003-இல் அவர் நீதிபதியாகவே ஆகிவிட்டார். பிற்பாடு கோர்ட் உத்தரவுப்படி பணத்தைக் கட்டினார். தான் தவறு செய்யவில்லை என்றே வாதாடினார். 2011 ஆகஸ்ட் 18-இல் மாநிலங்களவை பதவி நீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களவை எடுத்துக்கொள்ளுமுன் ராஜினாமா செய்தார். அவர் ஒருவரோடு முடியும் சங்கதியாக இதை நான் பார்க்கவில்லை. நடு ஆள் கணக்குக் கொடுத்தாரா என்று இருபது வருடம் யாரும் கேட்காமல் இருக்க முடிந்தது என்பதுதான் விஷயம். தணிக்கை இல்லாத ரிசீவர், வெட்டியே தீர வேண்டிய கை.

கைகள் குறைவான பாதையும் கல்கத்தாவிலிருந்துதான் போயிருக்கிறது. 1986 ஆகஸ்டில் மேற்கு வங்க சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டி உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கைதின்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டிய 11 விதிகள் 1996 டிசம்பரில் வந்தன. கைது விவரம் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதும் உறவினருக்குத் தகவல் சொல்வதும் அதில் பிறந்தவை. கடிதம் ஒன்றுக்கே பத்து வருடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1996-இன் மே மாதம் ஹக்கீம் ஷேக் வழக்கில் தீர்ப்பு. 1992-இல் மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயக் கூலி அவர். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். விவசாயக் கூலிகள் சங்கம் அவருக்காக வழக்காடி, அவசரச் சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்ற தீர்ப்பையும் 25,000 ரூபாய் நஷ்டஈட்டையும் வாங்கியது. சங்கம் என்ற கை இல்லாதிருந்தால் ஹக்கீம் ஷேக் டெல்லி வரை போயிருக்க மாட்டார்.

ரிட் மனு ஒரே வீச்சில் எத்தனை பேரைத் தொடும் என்பதை 2024 ஏப்ரலில் பார்த்தோம். பள்ளி நியமன ஊழல் வழக்கில் உயர்நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 25,753 வேலைகளை ரத்து செய்தது. மறு வருடம் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. காசு கொடுத்து நுழைந்தவரையும் படித்துத் தேறியவரையும் பிரிக்க முடியாதபடி ஆவணங்கள் கெட்டிருந்தன என்பது காரணம். இங்கேயும் கடைசியில் பதிவேடுதான்.

வக்கீல்களே வழியை மறித்த காலங்களும் உண்டு. 2018-இல் நீதிபதி இடங்களை நிரப்பக் கோரி பல வாரம் வேலைநிறுத்தம். 2019 ஏப்ரலில் ஹௌரா கோர்ட்டில் வண்டி நிறுத்தும் தகராறு முற்றி, போலீஸ் தடியோடு உள்ளே புகுந்ததைக் கண்டித்து மாநிலம் முழுக்க ஏறக்குறைய ஒரு மாதம். 2009 பிப்ரவரி 19-இல் சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் வக்கீல்கள் மேல் நடந்த போலீஸ் தடியடியைப் பார்த்தவர்களுக்கு ஹௌரா வக்கீல்களின் கோபம் புரியும். ஆனால் வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்சநீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஜாமீன் மனு கேட்க ஆளில்லாமல் அந்த ஒரு மாதம் உள்ளே இருந்தவர்கள் எந்தப் பக்கத்துத் தகராறிலும் இல்லை.

வேலைநிறுத்தத்தில் இன்னொரு தரப்புக்கும் அடுப்பு அணையும்: ஜூனியர்கள். ஹாஸ்ரா லா காலேஜிலிருந்து வரும் பிள்ளை முதல் சில வருடங்கள் சீனியர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். பல சேம்பர்களில் கொடுப்பது பயணப்படிக்கே சரி. பூஜை விடுமுறையில் கோர்ட் மூடினால் அதுவும் இல்லை. அப்பா வக்கீலாக இல்லாத, சொந்த ஊரில் நிலம் இல்லாத பையன் மூன்றாம் வருடம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறான். சால்ட் லேக்கில் 1999-இல் தொடங்கிய தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகளில் பலர் கோர்ட் பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை. இடையில் நிற்கும் கைகளில் மிக மெலிந்தது இதுதான், அடுத்த நீதிபதிகள் வர வேண்டியதும் இதிலிருந்துதான்.

இரண்டு நல்ல காரியங்கள் 2024-இல் நடந்தன. ஜூலையில் உச்சநீதிமன்றம், மாநில பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல், பட்டியலினத்தவரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அதுவரை பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு மெட்ராஸ் உயர்நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவை ஜூனியர்களுக்கு மாதம் 20,000, பிற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் அதே தொகைகளை நாடு முழுவதுக்கும், நகரத்துக்கு ஒன்று கிராமத்துக்கு ஒன்று என்று, சுற்றறிக்கையாக அனுப்பியது. சுற்றறிக்கையில் இது பரிந்துரைதான்; கொடுக்காத சீனியரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.